முட்டி நோட்டும் மோனோசைட்டும்

ஜனவரி 11, சனி

மடக்கம் 55 டிகிரி. நடை: கட்டிலிலிருந்து கதவு வரை, வாக்கரோடு. வலி: அவர் கணக்கில் பத்துக்கு ஒன்பது. நான் பார்த்தவரை ஆறு.

இந்த நோட்டைக் கொடுத்தது பிசியோதெரபி செய்ய வரும் ஜெனிபர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். குரல் மட்டும் தலைமையாசிரியை மாதிரி. "ஆன்ட்டி, முட்டி எவ்வளவு மடங்குது, எவ்வளவு தூரம் நடந்தாரு, வலி எத்தனை, மூணும் தினமும் எழுதணும். எழுதி வெச்சாத்தான் அங்கிள் பயப்படுவாரு" என்றாள். முப்பத்தியோரு வருடம் போத்தனூர் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்கு எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மூன்று வரிக்கு ஒரு முழுப் பக்கம் விட்டிருக்கிறார்கள். காலியாக விட மனசு வரவில்லை.

நோயாளி: மருதாசலம், வயது அறுபத்தெட்டு. சரக்கு ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனவரி 9 அன்று வலது முட்டி மாற்று ஆபரேஷன். கூட இருப்பவர்: மனைவி அம்சவேணி, அறுபத்து மூன்று.

ஆபரேஷனுக்கு ஒரு யூனிட் ரத்தம் ஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள். அறுபத்தைந்து வயது வரை கொடுக்கலாமாம். "அப்ப நானே குடுக்கறனுங்க" என்று கையை நீட்டினேன். இவர் கட்டிலில் படுத்தபடியே, "உனக்கென்ன கிறுக்கா அம்முணி?" என்றார். ஆனால் முகத்தில் பெருமை தெரிந்தது. ரத்த வங்கிப் பெண் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே ரத்தம் கம்மியா இருக்குதுங்கம்மா. பத்து புள்ளி ஒம்போது" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆசையாகப் போனவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கடைசியில் இவரோடு வேலை பார்த்த ஆல்பர்ட்டின் மருமகள் வந்து கொடுத்தாள்.

எதற்கும் முழு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றார்கள். செய்தேன். வெள்ளை அணு 14,200. அதில் மோனோசைட் என்று ஒரு வகை 23 சதம். இரண்டிலிருந்து பத்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. போன மாதம் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேனே, அதுவாகத்தான் இருக்கும்.

அவரிடம் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆன மனிதர்.

ஜனவரி 13, திங்கள்

மடக்கம் 60. வீட்டுக்கு வந்துவிட்டோம். பழைய கார்டு விசிலை எங்கிருந்தோ எடுத்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டும் என்றால் ஒன்று, பாத்ரூம் என்றால் இரண்டு என்று ஊதுகிறார். எதிர்வீட்டு நாய் பதில் சொல்கிறது. மத்தியானம் விசிலைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

மடக்கம் 62. பொங்கல். அவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். எனக்கு இரண்டு கரண்டியிலேயே வயிறு நிறைந்துவிட்டது. நெய் அதிகம் போட்டுவிட்டேன் போல.

ஜனவரி 17, வெள்ளி

மடக்கம் 65. பயிற்சி செய்யச் சொன்னால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார்.

காய்கறி வாங்கப் போனவள் அப்படியே டாக்டர் குழந்தைவேலுவைப் பார்த்துவிட்டு வந்தேன். மகள் பூங்கோதைக்குச் சின்னம்மை போட்டதிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அவர்தான். ரிப்போர்ட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"காச்சல் வந்துச்சுங்களா?"

"போன மாசம் வந்துச்சுங்க."

"இருமல், எடை கொறையறது, வேர்வை?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். காலையில் தலையணை உறை நனைந்திருக்கிறதுதான். ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால் அப்படித்தான் இருக்கும்.

"மோனோசைட் ஏறறதுக்கு ஆயிரம் காரணம் இருக்குதுங்க. காச்சல் வந்து போனாக்கூட ஏறும். டிபி இருந்தா ஏறும். மொதல்ல டிபி இல்லைன்னு பாத்துக்கலாம். ரத்தம் மறுபடி ஒருக்கா குடுங்க."

எங்கள் தெருமுனையிலேயே அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தம் எடுக்கும் இடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த பெண் போன் நம்பர் கேட்டாள். "இந்த மாசந்தான் அட்மிட் ஆனோம், ஏற்கெனவே இருக்கும் பாரும்மா" என்றேன். "ஆமாங்க, இருக்கு" என்றாள். ரிப்போர்ட்டை நானே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன். வீட்டுக்கு யாராவது கொண்டுவந்து கொடுத்து அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதல்லவா.

வீட்டுக்கு வந்ததும், "ஒரு கட்டுக் கீரை வாங்க ஒண்ணரை மணி நேரமா?" என்றார். கூட்டம் என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய்

மடக்கம் 78!

ஜெனிபரே ஆச்சரியப்பட்டாள். நான் சொல்லாமலே காலையில் ஐந்தரைக்கு எழுந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்கிக்கொண்டிருக்கிறார். வலியில் கண்ணில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் நிறுத்தவில்லை. ஜெனிபர் போட்ட சத்தம் வேலை செய்திருக்கிறது. நல்ல பெண்.

என் ரிப்போர்ட் சனிக்கிழமையே வந்துவிட்டது. 22 சதம். குறைந்திருக்கிறது என்று நினைத்தேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

மடக்கம் 90. வாக்கரோடு வாசல் கேட் வரை.

எக்ஸ்ரேயில் டிபி இல்லை. கையில் ஊசி போட்டுப் பார்த்ததிலும் இல்லை. சந்தோஷப்படுவதா என்று டாக்டரைக் கேட்டேன். "பெப்ரவரி கடைசீல இன்னொருக்கா பாக்கலாமுங்க" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

மடக்கம் 94. பூங்கோதை மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பேசினாள். "அம்மா, நீ எளச்சுட்ட" என்றாள். உங்க அப்பனைத் தூக்கி உட்காரவைத்தால் யாராக இருந்தாலும் இளைப்பார்கள் என்றேன். இவர் பின்னாலிருந்து, "நான் என்ன அவ்வளவு கனமா?" என்று கேட்பார் என்று நினைத்தேன். அவரோ தன் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து எதையோ இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை எங்கே பெய்கிறது என்று காட்டும் படமாக இருக்கும். பிப்ரவரியில் ஏது மழை.

பிப்ரவரி 14, வெள்ளி

மடக்கம் 102. இன்று வாக்கரை அடுப்படி மேடையில் சாத்திவிட்டு, நின்றபடியே டீ போட்டார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருடத்தில் முதல் டீ. சர்க்கரைக்குப் பதில் ரவையைப் போட்டிருந்தார். குடித்தேன்.

பிப்ரவரி 15, சனி

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நான் பிடித்து வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. மூன்று குடத்துக்குப் பிறகு உட்கார்ந்துவிட்டேன். மடக்கம் பார்க்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

மடக்கம் 108. வாக்கர் போய் கைத்தடி வந்தது.

24 சதம். ஹீமோகுளோபின் பத்தரை. குழந்தைவேலு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்சவேணியம்மா, மூணு மாசம் தொடர்ந்து எறங்காம இருந்துதுன்னா ரத்த நிபுணரப் பாத்தே ஆகோணுமுங்க. ஏப்ரல்ல மூணு மாசம் முடியுது. லெட்டர் எழுதித் தர்றேன்."

"இதெல்லாம் எத்தனை பேருக்கு வருதுங்க?"

"எதெல்லாம்?"

லெட்டரை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

மடக்கம் 112. வெயில் ஆரம்பித்துவிட்டது.

பழைய ரவிக்கைகளைத் தையல்காரியிடம் கொடுத்துப் பக்கவாட்டில் பிடித்து வாங்கினேன். எல்லாவற்றிலும் ஒன்றரை விரல். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாத்தையுமா சின்னது பண்றே?" என்றார். துணி நைந்துவிட்டது என்றேன். துணி நைந்தால் பெரிதாகுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கார்டு வேலையில் இருந்தபோது ஒரு பெட்டியின் சங்கிலி தொங்கினால் கூடக் கண்டுபிடிக்கிற ஆள். வயதாகிவிட்டது பாவம்.

மார்ச் 22, சனி

மடக்கம் 115. கைத்தடியோடு ரயில்வே மைதானம் வரை போய் வந்தார். ஜெனிபர் வாரம் ஒரு நாள் வந்தால் போதும் என்றாள். இவர், "வேண்டாம், நீ தெனம் வா. படி ஏறப் பழகோணும். பெரிய ஆஸ்பத்திரியிலெல்லாம் படி நெறையா இருக்கும்" என்றார். எந்தப் பெரிய ஆஸ்பத்திரி என்று ஜெனிபர் சிரித்தாள். எனக்கு அடுப்பில் பால் இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

மடக்கம் 118.

பாங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இவருக்கு ஆபரேஷன் செய்த அதே அவிநாசி ரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்த நிபுணர் பெயர் ஷஃபீக். நாற்பது வயதிருக்கும். அவசரப்படாமல் பேசுகிறார். என்னைப் படுக்கவைத்து, இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்து, "மண்ணீரல் ரெண்டு விரக்கடை பெருசா இருக்கு. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு ரொம்பின மாதிரி இருக்குமே?" என்றார். நெய்யைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

திங்கட்கிழமை கொடுத்த ரத்தத்தில் 26 சதம்.

"அதென்னதுங்க டாக்டர் இந்த மோனோசைட்டு?" என்று கேட்டேன். மூன்று மாதமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன், யார் என்றுகூடத் தெரியாது.

"ரத்தத்துல துப்புரவு வேலை பாக்கறவங்கம்மா. கிருமி வந்தா கூட்டமா வருவாங்க. செத்த அணு, குப்பை எல்லாத்தையும் எடுப்பாங்க. வேலை முடிஞ்சா கலைஞ்சு போயிடுவாங்க. உங்களுக்கு வேலை இல்லாதப்பவும் கலையாம நிக்கறாங்க, மேல மேல வர்றாங்க. அவங்கள உண்டாக்கற எடம் எலும்பு மஜ்ஜை. அங்கதான் ஏதோ தப்பு நடக்குதோன்னு பாக்கணும்."

இதே மாதிரி இருக்கிற இன்னொரு ரத்த நோய் இல்லை என்று உறுதிசெய்ய ஒரு மரபணுப் பரிசோதனை, பிறகு இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்க்க வேண்டும். பதினேழாம் தேதி வரச் சொன்னார். கட்டாயம் யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16, புதன்

மடக்கம் 120. ஜெனிபர் கைதட்டினாள்.

நாளைக்குத் திருப்பூரில் என்னோடு வேலை பார்த்த கோமளவல்லியின் மகளுக்குக் கல்யாணம் என்று இவரிடம் சொல்லியிருக்கிறேன். "போயிட்டு வா" என்றார். "பட்டுச்சேலை கட்டிட்டுப் போ. அந்த மாம்பழக் கலர்ல ஒண்ணு இருக்குதே, அது."

ஏப்ரல் 17, வியாழன்

மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலை கட்டி, கழுத்தில் ஆரம் போட்டு, தலையில் மல்லிகை வைத்து, எலும்பு மஜ்ஜை எடுக்கிற அறைக்குள் நுழைந்தவள் அந்த ஆஸ்பத்திரியின் சரித்திரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நர்சு சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஆஸ்பத்திரி அங்கியைக் கொடுத்தாள்.

"கூட வந்தவங்க எங்கீங்கம்மா?"

"வண்டி நிறுத்தப் போயிருக்காருங்க."

அரை மணி நேரத்தில் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் வண்டிதான் நிறுத்திக்கொண்டிருந்தார். நான்காவது முறை அவள் கேட்கவில்லை. வந்து பக்கத்தில் நின்று, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுத்தார்கள். குத்தியது வலிக்கவில்லை. உள்ளேயிருந்து உறிஞ்சும்போது மட்டும், உடம்பின் அடியாழத்திலிருந்து எதையோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி ஒரு வலி. சத்தம் போட்டேனா என்று நினைவில்லை. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. பிறகு அந்த இடம் அழுந்துகிற மாதிரி கொஞ்ச நேரம் மல்லாந்து படுக்கவைத்தார்கள். மறுபடி சேலையைக் கட்டிக்கொண்டு, வாடின பூவைச் சரிசெய்துகொண்டு ஆட்டோவில் வந்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது.

இவர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கைத்தடி கூட இல்லை.

"கல்யாணம் எப்படி?"

"நல்லா நடந்துச்சுங்க."

"என்ன சாப்பாடு?"

அவியல், உருளைக்கிழங்கு வறுவல், பருப்புப் பாயசம் என்று வரிசையாகச் சொன்னேன். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை என்றேன். பெண்ணுக்குக் கொஞ்சம் உயரம் குறைவு என்றுகூடச் சொன்னேன்.

"ஜாங்கிரி போட்டாங்களா?"

"போட்டாங்க. ரெண்டு."

"செரி" என்றார். "உள்ள வா. அந்தக் கட்டு நாளைக்கு வரைக்கும் நனையக் கூடாதாம். இன்னிக்குத் தலைக்குக் குளிக்கறேன்னு போயி நிக்காத."

கூடத்தில் என் நாற்காலி மேல் இரண்டு தலையணை போட்டு வைத்திருந்தார். அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். ஜனவரியிலிருந்து நான் கொடுத்த ரத்தத்துக்கெல்லாம் ரிப்போர்ட் அதில் இருந்தது. ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனபோது எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். நான் ஒவ்வொரு முறையும் "ஏற்கெனவே இருக்கும் பாரும்மா" என்று சொன்னது அந்த நம்பரைத்தான். இன்று காலையில், என்ன செய்யலாம் செய்யக்கூடாது என்று ஆஸ்பத்திரி அனுப்பிய குறிப்பும் அதில்தான் வந்திருக்கிறது.

"மொத ரிப்போர்ட்டு வந்தப்போ காச்சலா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டாவதும் எறங்கல. அப்பத்தான், இந்தக் கால வெச்சுட்டு உன்னைய எங்க கூட்டிட்டுப் போறதுன்னு..." முட்டியைத் தட்டிக் காட்டினார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "மூணு மாசமா தெரிஞ்சுக்கிட்டே நடிச்சீங்களா?"

"பட்டுச்சேலை கட்டிட்டுப் போயி நீ நடிச்சதுக்கு நான் பரவால்ல."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இடுப்பு வலித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீயா சொல்லுவேன்னு ஒவ்வொரு நாளும் பாத்தேன் அம்முணி. நேத்துக்கூட, சேலையப் பத்திச் சொன்னனே, அப்பவாச்சும் சொல்லுவேன்னு நெனச்சேன். காலைல நீ ஆட்டோ ஏறுனதும் பின்னாலயே வரலாம்னு சட்டையெல்லாம் போட்டுட்டேன். நீ வேண்டாம்னு நெனைக்கறப்ப வந்து நிக்கறது செரியான்னு தெரியல. கேட்டுலயே நின்னுட்டேன்."

காலை எட்டு மணியிலிருந்து இரண்டரை வரை நின்றிருக்கிறார். புதிய முட்டி வீங்கியிருந்தது.

"தனியாவா உள்ள போன?"

"ஆமாங்க."

"பயமா இருந்துச்சா?"

இல்லை என்றேன். அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சேலை முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். பட்டு கண்ணீரை உறிஞ்சுவதே இல்லை, கன்னமெல்லாம் ஈரம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையிலிருந்த வாடின பூவை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் காலுக்கு நான் ஐஸ் வைத்தேன். என் இடுப்புக்கு அவர் தலையணை வைத்தார்.

மடக்கம் இன்று பார்க்கவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

முட்டி வீக்கம் வடியவில்லை. நன்றாகத் திட்டினேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இரண்டு பேரும் சேர்ந்து போனோம். பதினெட்டுப் படி. லிப்ட் இருக்கிறது, ஆனால் அவர் படியில்தான் ஏறினார். "இதுக்குத்தான பழகுனேன்" என்று சொல்லி, மேலே போய் மூச்சு வாங்க நின்றார்.

டாக்டர் ஷஃபீக் இவரைப் பார்த்ததும், "வண்டி நிறுத்திட்டீங்களா சார்?" என்றார். நர்சு சொல்லியிருக்கிறாள்.

மஜ்ஜையில் முதிராத அணுக்கள் நான்கு சதம்தான். அது இருபதைத் தொட்டால் ஆபத்து. குரோமோசோமில் மாற்றம் இல்லை. மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது, இந்த வகையில் பலருக்கு இருப்பதுதானாம். அந்த இன்னொரு நோய் இல்லை. நோயின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பெரிய பெயர். பைலில் வைத்திருக்கிறேன்.

"மெதுவா போற வகை. இப்ப உங்களுக்கு இருக்கற நிலைமையில மருந்து தேவையில்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாப்போம். காய்ச்சல் வந்தா ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாம வரணும். எடை ரொம்பக் குறைஞ்சா, ரத்தம் ரொம்ப எறங்குனா, மண்ணீரல் பெருசானா, அப்ப மருந்து ஆரம்பிப்போம்."

இவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கேள்விகளை நம்பர் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"அந்த மோனோசைட்டக் கொறைக்கறதுக்கு மாதுளம்பழம், பீட்ரூட்டு ஏதாச்சும் குடுக்கோணுமுங்களா?"

"புடிச்சா சாப்பிடட்டும் சார். அதுக்காக அந்த நம்பர் குறையாது. நம்பரைக் குறைக்கறதே வைத்தியமும் இல்ல. அந்த நம்பர் நமக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் காட்டிக்குடுத்துச்சு. ரத்தம் குடுக்கப் போகலேன்னா இன்னும் ரெண்டு வருஷம் யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

கடைசிக் கேள்வியை அவர் படிக்கவில்லை. நோட்டை மடக்கினார். அது என்ன கேள்வி என்று எனக்குத் தெரியும். அதனால் நானே கேட்டேன்.

"எத்தனை வருசமுங்க டாக்டர்?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "சிலருக்கு வருஷக்கணக்கா இப்படியே போகுது. சிலருக்கு வேகமா மாறிடுது. உங்க ரிப்போர்ட் முதல் வகைப் பக்கம் இருக்கு. ஆனா உறுதியா ஒரு கணக்குச் சொன்னா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிடும்மா."

பொய் சொல்லாத ஒருவரைக் கண்டதில் எனக்கு ஒரு நிம்மதி. எங்கள் வீட்டில் மூன்று மாதமாக அப்படி யாரும் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

சண்டை. பூங்கோதைக்குச் சொல்ல வேண்டாம் என்கிறேன் நான். சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் அவர்.

மே 2, வெள்ளி

நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சொல்லிவிட்டார். "இருபத்தாறு சதம், முதிராத அணு நாலு, மருந்து இல்லை, அடுத்த பரிசோதனை ஜூலை" என்று, வண்டி கிளம்பிய நேரத்தைக் கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்கிற குரலில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது பாத்ரூம் வரை கேட்டது. நான் வெளியே வந்ததும் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, "கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகல" என்றேன். "ஒண்ணும் ஆகலைன்னு எத்தன மாசமாம்மா சொல்லிட்டிருக்க?" என்றாள்.

மே 19, திங்கள்

பூங்கோதை வந்து எட்டு நாள் ஆகிறது. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று பார்த்துக்கொண்டே எதிரில் உட்காருகிறாள். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுவதால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கிறாள். நான் நிமோனியா வராமல் தடுக்கும் ஊசி போட்டுக்கொண்டேன். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது என்று அப்பனும் மகளுமாகச் சட்டம் போட்டு, மோட்டார் வைத்துத் தொட்டிக்குக் குழாய் இழுத்துவிட்டார்கள். நாற்பது வருடமாக நான் கேட்டது. இதற்கு மோனோசைட் வர வேண்டியிருந்தது.

முட்டி: அவருக்கே மறந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

ஜெனிபர் கடைசி நாள். நோட்டைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டேன். "காட்டுங்க ஆன்ட்டி" என்று வாங்கி நடுவில் புரட்டினாள். ஒரு பக்கம் படித்தாள். மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டு, "இது உங்களோடது" என்றாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். தலைமையாசிரியைக் குரல் எங்கோ போய்விட்டது.

ஜூன் 30, திங்கள்

ஒன்றும் விசேஷமில்லை. அவர் டீயில் இப்போது சர்க்கரைதான் போடுகிறார்.

ஜூலை 22, செவ்வாய்

மாரியம்மன் கோயிலில் பார்த்த ஒருத்தி, "ஏனுங்க, ஆளே பாதியாயிட்டீங்க?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர், "ரத்தத்துல சின்னக் கோளாறுங்க" என்று சொல்லிவிட்டார். மூன்று மாதமாக எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறார். நானும் அதையேதான் சொல்கிறேன்.

ஜூலை 30, புதன்

பரிசோதனை நாள். ரத்தம் கொடுத்துவிட்டு, டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம்.

பக்கத்தில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். கிணத்துக்கடவிலிருந்து வந்தவள், பெயர் நாகமணி. கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்து மடித்து அது துணி மாதிரி ஆகியிருந்தது. சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். காகிதத்தை நீட்டினாள். மோனோசைட் 14 என்று இருந்தது, சிவப்பு எழுத்தில்.

"போன்ல போட்டுப் பாத்தனுங்க. என்னென்னமோ வருது. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க, இன்னும் ஸ்கூலே முடிக்கல."

"காச்சல் வந்துச்சா?"

"மூணு வாரம் முன்னால டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தனுங்க."

"அப்பக் கேளு. காச்சல் வந்து எந்திரிச்சா இது ஏறத்தான் செய்யும். நெம்பப் பேருக்குத் தானா எறங்கிப்போகும். ஒருக்கா ஏறுனத வெச்சு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. மறுபடி பாப்பாங்க. கண்ணாடித் தகட்டுல வெச்சு மைக்ராஸ்கோப்புல அணுவோட உருவத்தப் பாப்பாங்க. மூணு மாசத்துக்கு மேலயும் காரணமில்லாம நின்னாத்தான் மேல பாப்பாங்க. அது வரைக்கும் அந்தப் போனத் தொறக்காத."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "உங்களுக்கு எல்லாம் தெரியுதுங்களே. உங்களுக்கு என்னங்க வந்துச்சு?"

இவர் தொண்டையைக் கனைத்தார். "இவளுக்கு ரத்தத்துல சின்ன..."

நான் அவர் தொடையில் கை வைத்தேன். நிறுத்தினார்.

"எனக்கு ரத்தப் புத்துநோய் கண்ணு" என்றேன். "எனக்கு எறங்கல. மெதுவா போற வகை. மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டிட்டுப் போறேன். இன்னிக்குக் காலைல ஆறு இட்லி ஊத்தி வெச்சுட்டுத்தான் வந்தேன்."

அந்தப் பெண் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

எங்களை முதலில் கூப்பிட்டார்கள். 25 சதம். ஹீமோகுளோபின் பத்து புள்ளி மூன்று. மண்ணீரல் அதே இரண்டு விரல். "அப்படியே இருக்கு" என்றார் டாக்டர் ஷஃபீக். அப்படியே இருப்பது இவ்வளவு நல்ல செய்தியாக இருக்கும் என்று வாழ்க்கையில் நான் நினைத்ததில்லை. அக்டோபரில் வரச் சொன்னார். நாகமணியை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். படியில் எங்களைத் தாண்டி ஓடும்போது திரும்பிக் கையை ஆட்டினாள்.

பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்குக் கொடுத்தார். ஆத்துப்பாலம் வரும்வரை டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே, "பேரச் சொல்லிட்டயே அம்முணி" என்றார்.

"சொன்னா என்னங்க. அது அதுபாட்டுக்கு இருக்குது, நாம நம்மபாட்டுக்கு இருக்கறோம்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினார், கிடைக்கவில்லை. என் முந்தானையைக் கொடுத்தேன். இன்று பருத்திச் சேலை. நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

"ராத்திரிக்கு என்ன?" என்றார்.

"கோதுமை உப்புமா."

"உப்புமா வேண்டாம்."

"அப்ப நீங்களே செய்யுங்க."

போத்தனூர் வந்து இறங்கும்வரை, தோசையா சப்பாத்தியா என்று யோசித்துக்கொண்டே வந்தார். கடைசியில் உப்புமாதான் கிளறினார். உப்பு அதிகம். நான் ஒரு கிண்ணம் முழுதாகச் சாப்பிட்டேன்.